அசையாமல் நின்ற புள்ளிகள்

என் மனைவி இளமையில் ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவர். இதை அவரே என்னிடம் சொன்னார். நான் நம்பவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தவரின் சொல்லைத் தள்ளிவிட்டு, ஓர் ஊசியின் சொல்லை நான் எடுத்துக்கொண்டது எவ்வாறு என்பதை ஒழுங்காக எழுதிப் பார்க்க வேண்டும் என்று பல நாள் எண்ணியதுண்டு. எழுதத் தொடங்கினால் நிகழ்ச்சிகள் வரிசையாகத்தான் வருகின்றன. என் அறிவு எந்த இடத்தில் வழி தவறியது என்பது மட்டும் இன்னும் தெளிவாக அகப்படவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரில் போர் மூண்டு கடல் கடந்து வந்த நாங்கள், டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில் இருந்தோம். முப்பது ஆண்டு தமிழ் கற்பித்த நான், இங்கே நகர்நடுவில் ஒரு வாகனத் தரிப்பிடத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் வாரத்தில் நான்கு நாள் அமர்ந்து சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தேன். துன்பமான வேலை அன்று. படிக்க நேரம் கிடைத்தது. மனைவி ஒரு பெண்கள் கல்லூரியில் இசை ஆசிரியராக இருந்தவர். இங்கு வந்தபின் அவர் பாடியது சமையலறையில் மட்டும். அதுவும் தண்ணீர்க் குழாய் திறந்திருக்கும்போது மட்டும்.

அவருடைய குரல் ஒரேயொரு முறை இசைத்தட்டில் ஏறியிருக்கிறது. இருபத்துநான்காம் வயதில், தாம் படித்த கல்லூரியின் மண்டப நிதிக்காகப் பாடியது. சென்னையில் அச்சாகி வந்த அந்தத் தட்டின் ஒரு படி, இலண்டனில் இருந்த என் மைத்துனரிடம் தங்கியிருந்தது. எங்களிடம் இருந்த படி என்னவாயிற்று என்று கேட்க வேண்டியதில்லை, வீட்டோடு போயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நாங்கள் இருவரும் அந்தத் தட்டைக் கேட்கவில்லை.

ஓர் இளவேனிலில் மைத்துனர் எங்களைப் பார்க்க வந்தார். தட்டை மட்டுமன்றி, அதைச் சுழற்றும் கருவியையும் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். இலண்டனில் எல்லாரும் சீடிக்கு மாறியதால் நல்ல கருவிகள் மலிவாகக் கிடைக்கின்றன என்றார். "அக்காவின்ர பாட்டை அக்கா கேக்க வேணும். உது சும்மா கண்ட சாமான் இல்லை அத்தான். பாரத்தைப் பாருங்கோ!" என்று என் கையில் வைத்தார். உண்மையில் ஓர் அம்மிக்குரிய பாரம் இருந்தது.

இலண்டன் மின்னழுத்தம் இருநூற்று நாற்பது, இங்கே நூற்றுப்பத்து என்பது எனக்குத் தெரியும். ஆகவே கருவியைச் சுவரில் செருகுவதற்கு முன்னர், லோறன்ஸ் வீதியிலுள்ள நம்மவர் கடையில் ஒரு மின்மாற்றி வாங்கி வந்தேன். பலர் இதை எண்ணாமல் செருகி, கொண்டுவந்த அரைக்கும் இயந்திரங்களைப் புகையவிட்டதை நான் அறிவேன். அந்தப் பிழையை நான் செய்யவில்லை என்ற நிறைவு எனக்குச் சில காலம் இருந்தது.

கருவி சுழன்றது. மனைவியின் குரல் ஒலிபெருக்கியிலிருந்து எழுந்தது. அது மிக இளைய குரலாய், துள்ளலாய், குருவிபோல விரைவாய் இருந்தது. நான் கண் கலங்கினேன். முடிந்ததும் மனைவி, "நான் இப்பிடியே பாடினனான்?" என்று மட்டும் கேட்டார். அதைப் பெருமிதம் என்று நான் பொருள் கொண்டேன்.

ஏறக்குறைய ஓராண்டு அப்படியே சென்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தட்டைப் போடுவேன். அவர் ஏதாவது வேலை இருப்பதாக அறைக்குள் போய்விடுவார். தம் குரலைத் தாம் கேட்கக் கூசுகிறார் என்று எண்ணினேன்.

மறு ஆண்டு மாசி மாதத்தில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நடத்துவோர் தொலைபேசியில் அழைத்தனர். ஆண்டு விழாவில் மனைவி அரைமணி நேரம் பாட வேண்டும் என்றனர். நிகழ்ச்சி நிரலை அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால் நான்கு கிழமைக்குள் முடிவு சொல்லுமாறு கேட்டனர். மனைவி மறுக்கவில்லை. தொலைபேசியை வைத்ததும் அலமாரியின் மேல்தட்டிலிருந்து சுருதிப் பெட்டியை எடுத்துத் தூசு துடைத்தார். அது மின்கலத்தில் இயங்குவது; ஒரு திருகைத் திருப்பினால் கட்டை ஏறும், இறங்கும். அன்று பின்னேரம் குழாயைத் திறக்காமலே பாடினார். நாலரைக் கட்டையில் குரல் நன்றாக நின்றது. ஐந்தில் சற்று இழுத்தது.

"முந்தி ஐஞ்சில பாடினனான். அரைக் கட்டைதான் இறங்கியிருக்கு. பரவாயில்லை" என்றார். முகம் மலர்ந்திருந்தது. பிறகு, "அந்தத் தட்டைப் போடுங்கோ, எந்த இடத்தில மூச்செடுத்தனான் எண்டு பாப்பம்" என்றார்.

போட்டேன். சுருதிப் பெட்டியை மடியில் வைத்துத் தட்டிலுள்ள தம்பூராவோடு அதைச் சேர்க்க முயன்றார். ஐந்து சேரவில்லை. ஐந்தரையும் ஆறும் சேரவில்லை. ஆறரையில் இரண்டும் ஒன்றாகின. திருகின் மேலிருந்த அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது.

"ஆறரையோ?" என்றார். "இல்லையப்பா. நான் ஐஞ்சு கட்டை. எனக்குத் தெரியும்தானே."

அப்போது நான் சொன்னதை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். "முப்பது வருசத்துக்கு முந்தினதை நீர் மறந்துபோனீர். நினைவு பிழை சொல்லும்; தட்டு பிழை சொல்லாது" என்றேன். வாழ்நாள் முழுவதும் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தவன் நான். ஆளின் ஞாபகமும் எழுத்திலுள்ள சான்றும் முரண்பட்டால் சான்றின் பக்கம் நிற்பதே என் தொழிலாக இருந்தது.

அவர் சுருதிப் பெட்டியை நிறுத்தினார். "ஆறரையில பாடின குரல் நாலரைக்கு வந்திட்டுதெண்டா, அது இறங்கினதில்லை. அது போயிட்டுது" என்றார். எழுந்து போய்க் குழாயைத் திறந்தார். அதன்பின் குழாயின் ஒலி மட்டும் கேட்டது, பாட்டு இல்லை.

அடுத்த நாள் அவர் வகுப்பாருக்கு இயலாது என்று சொல்லவிருந்தார். "இன்னும் ஏறக்குறைய நான்கு கிழமை இருக்கிறதே" என்று நான் தடுத்தேன். அவரைப் பாட வைக்க வேண்டும் என்ற எண்ணத்தைத் தவிர என்னிடம் அப்போது வேறு வழி ஒன்றும் இல்லை. ஒருகால் தட்டில் பிழையில்லை, கேட்கும் கருவியில் ஏதோ குறை இருக்கக்கூடும் என்று மெல்ல ஐயுற்றேன். கருவியோடு வந்த கையேட்டை எடுத்துப் படித்தேன். சுழல்மேடையின் விளிம்பில் ஒரு வரிசைப் புள்ளிகள் பொறிக்கப்பட்டிருந்தன. அருகே ஒரு சிறு செவ்விளக்கு. வேகம் கூடினால் புள்ளிகள் முன்னே நகர்வதுபோலத் தோன்றும், குறைந்தால் பின்னே நகரும், சரியாக இருந்தால் நின்றாற்போல் இருக்கும் என்று கையேடு கூறியது. மண்டியிட்டுப் பார்த்தேன். மேடை சுழன்றுகொண்டிருக்க, புள்ளிகள் மட்டும் ஓர் அணுவும் அசையாமல் நின்றன. வேகத்தில் பிழையில்லை என்று முடிவு செய்தேன். எஞ்சியது ஊசி.

ஊசியையும் அது பொருந்தும் சிறு கூட்டையும் சேர்த்துக் கடைக்காரர் காட்ரிட்ஜ் என்பர். நான் என் குறிப்பேட்டில் ஊசிக்கூடு என்று எழுதிக்கொண்டேன். அச்சொல்லால் எனக்கன்றி வேறெவருக்கும் பயன் விளையவில்லை. நூலகத்தில் ஒலிக்கருவி இதழ்களைக் கண்ணாடிக் கூண்டுக்கு எடுத்துச் சென்று படித்தேன். அங்கேதான் என் குழப்பம் பெருகியது. ஓர் ஊசிக்கூட்டின் ஒலி வெதுவெதுப்பானது என்றார் ஒருவர். அதே கூட்டை மற்றொருவர் உலர்ந்தது என்றார். மூன்றாமவர் அதன் வழியே மேடையின் ஆழம் தெரிவதாக எழுதினார். பழைய உரைகாரர்கள் தம்முள் மாறுபட்டாலும் ஒரே நூலைத்தான் பார்க்கிறார்கள் என்ற உறுதி எனக்கு இருந்தது. இவர்களிடம் அந்த உறுதியும் கிட்டவில்லை. வாகனங்கள் கூண்டுக்கு முன்னே வந்து ஊதியபோதுதான் நான் நிமிர்ந்தேன்.

இறுதியில் கருவியின் கைமுனையில் கழற்றி மாட்டக்கூடிய அந்தத் தலைப்பகுதியைப் பஞ்சில் பொதிந்து, ஒரு தேயிலைத் தகரத்தில் இட்டு, கெனடி வீதியில் தொலைக்காட்சிப் பெட்டிகளும் வீடியோக் கருவிகளும் திருத்தும் ஒருவரிடம் கொண்டுபோனேன். மன்னாரைச் சேர்ந்தவர், நாற்பது வயதிருக்கும், ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். கடைக்குள் நடக்க ஒற்றையடிப் பாதை அளவுக்கே இடம் இருந்தது.

தகரத்தைத் திறந்து பார்த்தவர், "சேர், நான் பஞ்சுக்குள்ள பிடுங்கின பல்லு எண்டு நினைச்சன்" என்றார். கண்ணாடி வில்லையைக் கண்ணில் இடுக்கி ஊசியை நோக்கினார். "உது ஊசி இல்லை, ஆணி. உதாலயோ தட்டைத் தேய்ச்சனீங்கள்?"

"பாட்டுக் கீச்சென்று கேட்கிறது, தம்பி. குரல் மெலிந்து, உயர்ந்து போயிருக்கிறது" என்றேன்.

"வேகம் சரியோ?"

"சரி. நானே பார்த்தேன்."

"அப்ப ஊசிதான்" என்றார். நான் பார்த்தேன் என்று உறுதி கூறியதால் அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கருவி எந்த நாட்டது என்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்று சிறு பெட்டிகளை மேசைமேல் வைத்தார். முதலாவதன் ஊசிமுனை உருண்டையானது, விலை குறைவு, முரட்டுத் தட்டுகளையும் பொறுத்துக்கொள்ளும். இரண்டாவதன் முனை முட்டைவடிவானது. தட்டின் பள்ளத்தில் பழைய ஊசி தேய்க்காத இடங்களையும் தொடும். மூன்றாவது வேறு வகையைச் சேர்ந்தது. அதற்கென்று தனியாக இன்னொரு பெருக்கிப் பெட்டியும் வேண்டும்.

"எது சிறந்தது?" என்று கேட்டேன்.

"மூண்டாவது."

"அப்படியானால் அதையே..."

"அதை வாங்கினா நீங்கள் அடுத்த மாசம் அதுக்கொரு பெட்டி வாங்குவியள். பிறகு அந்தப் பெட்டிக்கேத்த ஸ்பீக்கர் வாங்குவியள். பிறகு வீட்டில அன்ரி உங்களை வெளியில விட்டுக் கதவைச் சாத்துவா. என்னட்டை இடமில்லை சேர், இஞ்ச வந்து படுக்கேலாது."

"இரண்டாவதற்கும் முதலாவதற்கும் வேறுபாடு கேட்குமா?"

"உங்களுக்கோ, அன்ரிக்கோ?"

இரண்டாவதை வாங்கினேன். காலுக்குக் குளிர்காலச் சப்பாத்து வாங்க ஒதுக்கியிருந்த தொகை அதில் போயிற்று. பழைய சப்பாத்தே இன்னொரு பனிக்காலத்துக்குப் போதும் என்று முடிவுசெய்தேன்.

வீட்டில் அதைப் பொருத்துவது என்னால் இயலவில்லை. இடியப்ப இழையிலும் மெல்லிய நான்கு கம்பிகள். சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை. மனைவி சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "விடுங்கோ, உடைக்கப்போறியள்" என்று வாங்கி, சாளரத்து வெளிச்சத்தில் வைத்து, நான்கையும் இரண்டு நிமிடத்தில் மாட்டிவிட்டார். அவர் பாட வேண்டும் என்பதற்காகவே நான் இதைச் செய்கிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

பாட்டின் தொடக்கத்தில் ஊசியை வைத்தேன். இரைச்சல் வெகுவாகக் குறைந்திருந்தது. வயலினின் வில் திரும்பும் ஓசைகூடக் கேட்டது. மனைவியின் குரல் முன்னிலும் தெளிவாக, முன்னிலும் இளமையாக எழுந்தது. சுருதிப் பெட்டியை நானே எடுத்துத் திருகினேன். ஆறரை.

இப்போது நான் உண்மையிலேயே திகைத்தேன். ஊசி நல்லது, வேகம் சரி, தட்டில் கீறல் இல்லை. எல்லாச் சான்றும் ஒரு பக்கம் நின்றன. மறுபக்கத்தில் என் மனைவியின் ஒரு சொல் நின்றது. அந்தச் சொல்லையும் அவரே இப்போது கைவிட்டார்.

"நீங்கள் சொன்னதுதான் சரி. நான்தான் மறந்துபோனன்" என்றார். "ஞாயிற்றுக்கிழமை அவையளுக்குச் சொல்லிவிடுறன், வேற ஆரையும் பாக்கட்டும். ஆறரையில பாடின ஆளெண்டு அங்க சனத்துக்குத் தெரியும். நாலரையில போயிருந்து என்னத்துக்கு?"

வாதத்தில் நான் வென்றிருந்தேன். அத்தகைய வெற்றியை அதற்கு முன்னும் பின்னும் நான் அடைந்ததில்லை. இனி அடையவும் விரும்பவில்லை.

ஞாயிறு வந்தது. பகலுணவு முடிந்திருந்தது. மனைவி மேசையில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டி முடித்ததும் தொலைபேசியில் பேசுவதாகச் சொல்லியிருந்தார். வெளியே நுண்பனி பெய்தது. ஏதும் செய்யத் தோன்றாமல் நான் தட்டைப் போட்டேன். முதற்பாட்டுக்கு முன், தட்டின் ஓரத்தில், கல்லூரி அதிபரின் முகவுரை சிறிது உண்டு. பழைய ஊசியில் அந்த இடம் பொரியும் ஓசையாக மட்டும் கேட்டதால், நான் எப்போதும் அதைத் தாண்டியே வைப்பேன். அன்று, புதிய ஊசி தேயாத இடங்களையும் தொடும் என்று கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வர, ஓரத்திலேயே இறக்கினேன்.

பொரிதலுக்கு நடுவே ஒரு பெண்குரல் பேசிற்று. கிளி பேசுவதுபோல் விடுவிடென்று, மூச்சுவிட இடமின்றி, "பெரியோர்களே தாய்மார்களே எமது கல்லூரி மண்டபத் திருப்பணிக்கு" என்று ஓடிற்று.

மனைவியின் கத்தி நின்றது. நிமிர்ந்தார். "ஆர் உது?"

"உங்கள் அதிபர்."

"அவவோ?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் நான்கு கிழமையாகக் கேட்காத சிரிப்பு. "இஞ்சாருங்கோ, எங்கட பிரின்சிப்பல் இப்பிடிக் கதைக்கிறேல்லை. அவ ஒரு வசனம் சொல்லி மற்ற வசனம் வாறதுக்கிடையில நாங்கள் பின்வரிசை வாங்கில நித்திரை கொண்டெழும்புவம். உது ஆரோ நாய் கலைச்சு ஓடுற மாதிரியெல்லோ கிடக்கு! திருப்பிப் போடுங்கோ."

திருப்பிப் போட்டேன். சிரிப்பு மெல்ல நின்று, அவர் கேட்கும் முகம் மாறிற்று. கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்தார். தட்டின் நடுவிலுள்ள தாளில் பழைய மைக்கறை ஒன்று உண்டு. அந்தக் கறையைப் பார்த்தவாறே தொடையில் விரலால் எண்ணத் தொடங்கினார். இடையிடையே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தாளம் போட்டுப் பழகிய கை தவறாது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். ஒரு நிமிடம் சென்றது.

"நாற்பது" என்றார். "நாற்பது சுத்துச் சுத்துது. இதில முப்பத்துமூண்டெண்டெல்லோ எழுதிக்கிடக்கு?"

"புள்ளிகள் நிற்கின்றனவே" என்றேன். குனிந்து பார்த்தேன், நின்றன. "வேகம் பிழையானால் புள்ளிகள் ஓட வேண்டும். கையேட்டில் இருக்கிறது."

"நீங்கள் எண்ணிப் பாருங்கோ."

எண்ணினேன். முப்பத்தெட்டில் தடுமாறி மறுபடி எண்ணினேன். நாற்பது. புள்ளிகள் நின்றன; தட்டு நாற்பது சுற்றியது. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருந்தன.

மனைவி அன்று தொலைபேசியில் பேசவில்லை. மறுநாள், அவர் முன்னே நடக்க, நான் அம்மி போன்ற அந்தக் கருவியைப் போர்வையில் சுற்றிச் சுமந்துகொண்டு, பேருந்தில் கெனடி வீதிக்குப் போனோம். கடைக்காரர் போர்வையை விலக்கிப் பின்பக்கத்துத் தகட்டை வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சேர், இது இலண்டன் சாமான். ஏன் முதலே சொல்லேல்லை?"

"மின்மாற்றி போட்டிருக்கிறேன்" என்றேன்.

"ட்ரான்ஸ்போமர் பலத்தைத்தான் குறைக்கும், கூட்டும். துடிப்பை மாத்தாது. அங்க கறன்ட் செக்கனுக்கு ஐம்பது தரம் துடிக்கும். இஞ்ச அறுபது தரம். உந்த மோட்டர் அந்தத் துடிப்பைப் பிடிச்சுத்தான் ஓடுறது. அப்ப இஞ்ச வந்தா அஞ்சிலொரு பங்கு கூட ஓடும். பாட்டும் ஓடும், குரலும் ஏறும்."

"ஆனால் புள்ளிகள்..."

அவர் செவ்விளக்கைத் தட்டிக் காட்டினார். "உந்த விளக்கும் அதே கறன்டிலதானே மினுங்குது. அதுவும் அஞ்சிலொரு பங்கு கூட மினுங்கும். பக்கத்துப் பக்கத்தில ஒரே வேகத்தில ரண்டு ட்ரெயின் ஓடினா, இதுக்குள்ள இருக்கிற ஆளுக்கு மற்ற ட்ரெயின் நிக்கிற மாதிரித் தெரியாதோ? அதுதான். ஒரே வீட்டில சாப்பிடுற ரண்டுபேரை நீங்கள் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறியள்."

மனைவி என்னைப் பார்த்தார். ஏடுகளை ஒப்பிடும்போது, ஒன்றிலிருந்து ஒன்று படியெடுத்த இரு ஏடுகளை இரண்டு சான்றாக எண்ணக்கூடாது என்று எத்தனை மாணவருக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ள மறந்திருந்தேன். அல்லது, மறக்கவில்லை, ஊசிக்கும் விளக்குக்கும் அது பொருந்தும் என்று தோன்றவில்லை. இதில் எது என்பதுதான் நான் தொடக்கத்தில் கூறிய குழப்பம்.

"உதைத் திருத்தலாம்" என்றார் கடைக்காரர். "மோட்டரில ஒரு சின்னக் கப்பி இருக்கு. அறுபதுக்கு வேற அளவுக் கப்பி. இங்கிலாந்திலயிருந்து எடுப்பிக்க வேணும். வர மாசக்கணக்காகும், வருமோ தெரியாது. அதைவிட..." மேல்தட்டிலிருந்து ஒரு மெலிந்த கருவியை இறக்கினார். இங்கு விற்கப்பட்டது, மூடியில் வெடிப்பு, ஒரு பக்கத்துப் பலகை உரிந்திருந்தது. "எவனோ குப்பையில போட வெளிக்கிட்டவன், நான் வாங்கி வச்சனான். ஊசிக்குப் போட்ட காசில பாதியும் வராது. உங்கட புது ஊசியை இதில மாட்டித் தாறன்."

"பாரமே இல்லையே" என்றேன், மைத்துனரின் அளவுகோலை எண்ணி.

"பாரம் பாத்து வாங்கிறதுக்கு இதென்ன விளைமீனோ, சேர்?"

மனைவி, "அண்ணை சொல்லுறதைக் கேளுங்கோ" என்றார். தம்மிலும் இளையவரை அவர் அண்ணை என்று அழைத்தது அந்த ஒரு முறைதான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் பாட்டைக் கேட்கவில்லை. வெறுந்தட்டைச் சுழலவிட்டு, மைக்கறையைப் பார்த்து எண்ணினார். "முப்பத்துமூண்டும் கொஞ்சமும்" என்றார். இந்தக் கருவியிலும் விளிம்பில் புள்ளிகள் இருந்தன, அவையும் நின்றன. நான் அவற்றைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு ஊசியை ஓரத்தில் வைத்தேன். அதிபர் பேசினார். ஒரு சொல்லை வைத்து, அது இறங்கிய பின் மறுசொல்லை எடுத்து. மனைவி கையைக் கட்டி நேராக அமர்ந்துவிட்டார், வகுப்பில் இருப்பவரைப்போல. முகவுரை முடிந்து தம்பூரா ஒலித்தது. சுருதிப் பெட்டியைத் தேட வேண்டியிருக்கவில்லை, மடியிலேயே இருந்தது. ஐந்தில் திருகினார். இரண்டும் ஒன்றாகி, அறையில் எது பெட்டி எது தம்பூரா என்று தெரியாமல் நிறைந்தன.

"நான் சொன்னனானெல்லோ" என்றார், என்னைப் பார்க்காமலே.

"பிழை என்னுடையது" என்றேன். "உம்மை நான் நம்பியிருக்க வேண்டும்."

"அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ. பாட்டில சரியாக் கேக்கேல்லை."

சொன்னேன். பாட்டுத் தொடங்கியது. இங்கேதான் எனக்கு எதிர்பாராத ஒன்று நேர்ந்தது. அந்தக் குரல் எனக்குப் பிடிபடவில்லை. தாழ்ந்து, நிதானமாக, சற்றுக் கனத்திருந்தது. ஓராண்டாக ஞாயிறுதோறும் நான் கேட்டுக் கண் கலங்கிய அந்தத் துள்ளும் குரல் எங்கும் இல்லை. அப்படியொரு பெண் எக்காலத்தும் இருந்ததில்லை என்பதை நான் அறிவேன். எனினும் அவளை இழந்ததுபோல் ஒரு வெறுமை வந்தது. இதை யாரிடம் சொல்வது?

மனைவியிடமே சொன்னேன். "எனக்குக் கொஞ்சம் மந்தமாகப்படுகிறது."

"உங்களுக்கு அந்தக் கீச்சுக்குரல் பெட்டையில விருப்பம் வந்திட்டுது" என்றார். "போய் அவளோட இருங்கோ. லண்டனுக்கு அனுப்பிவிடுறன்." பின்னர் கையை உயர்த்தி என்னை அடக்கினார். "இந்த இடம் கேளுங்கோ. பாத்தியளே, மேல போகேக்க சுருதி கொஞ்சம் விலகுது. இருபத்துநாலு வயசில. இப்ப நான் இந்த இடத்தில விலகமாட்டன்."

கேட்டேன். அந்த விலகல் என் காதுக்கு எட்டவில்லை. ஆனால் குழாய் திறந்திருக்கும்போது சமையலறையிலிருந்து வரும் அதே குரல்தான் தட்டிலும் பாடிக்கொண்டிருக்கிறது என்பது எட்டியது. முப்பது ஆண்டில் அரைக் கட்டைதான் இறங்கியிருந்தது. முதல்நாள் அவரே சொன்ன அதே அரைக் கட்டை.

பாட்டு முடிந்தது. ஊசியை எடுக்க நான் எழுந்தேன். மனைவி ஏற்கெனவே தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார். நான்கு கிழமைத் தவணை முந்தைய நாளே முடிந்திருந்தது. நிரல் இன்னும் அச்சுக்குப் போகவில்லை போலும்.

"ஓம், நான்தான். ஓம், பாடுறன்" என்றார். "சுருதி நாலரை. இல்லையில்லை, ஐஞ்சு முந்தி. இப்ப நாலரை. மிருதங்கக்காரத் தம்பியிட்டச் சொல்லிவையுங்கோ, அவர் ஓடக்கூடாதெண்டு. இஞ்ச ஒரு வருசமா ஓடிக் களைச்சுப்போனம்."